மாடி கட்டவா, ஃபிளாட் வாங்கவா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் வாடகை வீடு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லாம் நம்ம வட சென்னைப் பக்கம்தான், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர். முதல் பதில் நீண்டுவிட்டது. கணக்குப் போடாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது, அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

கேள்வி: சார், எனக்கு வயது 44. மணலியில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை, கைக்கு 62,000 வருகிறது. தண்டையார்பேட்டையில் 900 சதுர அடி மனையில் அப்பா கட்டிய தரைத்தள வீட்டில் இருக்கிறோம். அப்பா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. விம்கோ நகரில் மெட்ரோவுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட் 50 லட்சத்துக்கு வருகிறது. 15,000 வாடகைக்குப் போகும் என்கிறார் புரோக்கர். கையில் 7 லட்சம் இருக்கிறது. ஃபிளாட் மேல் வீட்டுக் கடன் வாங்கி, குறைகிற பணத்துக்குச் சொந்த வீட்டை அடமானம் வைக்கலாம் என்று நினைக்கிறேன். வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்கிறார்கள். என் மனைவியோ, இருக்கிற வீட்டுக்கு மேலே மாடி எடுத்து ரெண்டு போர்ஷன் விடலாம் என்கிறாள். யார் சொல்வது சரி? (வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: உங்கள் வீட்டம்மா சொல்வதுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

"வாடகையே தவணையைக் கட்டிவிடும்." வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருந்த காலத்தில் வாரத்துக்கு ரெண்டு பேராவது இதைச் சொல்லிக்கொண்டே ஃபார்ம் நிரப்புவார்கள். எந்த வாடகை, எந்தத் தவணை என்று எழுதிப் பார்த்தவர்கள் குறைவு. நாம் எழுதிப் பார்ப்போம்.

50 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 40 லட்சம்தான் தர முடியும். ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு அது. 30 லட்சத்துக்குள் கடன் என்றால் 90 சதவீதம் வரை போகலாம், 75 லட்சத்தைத் தாண்டினால் 75-தான். மீதி 10 லட்சம் உங்கள் கைக்காசு. அதற்கு மேல் பத்திரச் செலவு, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், நாலரை லட்சம். இதை வங்கி வீட்டு விலையில் சேர்க்காது, முழுக்க உங்கள் பையிலிருந்துதான். வக்கீல், வங்கிக் கட்டணம், புரோக்கர் கமிஷன், ஃபேன், கப்போர்டு என்று இன்னொரு ஒன்றரை லட்சம் வையுங்கள். ஆக 16 லட்சம் வேண்டும். உங்களிடம் இருப்பது 7. பாக்கி 9 லட்சத்துக்குத்தான் அப்பா வீட்டை அடமானம் வைக்கப் பார்க்கிறீர்கள்.

இப்போது தவணை. உங்களுக்கு 60 ஆக 16 வருஷம்தான் இருக்கிறது, சம்பளக்காரர்களுக்கு வங்கி பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்ளும். 8.5 சதவீத வட்டி என்று வைத்தால் 40 லட்சத்துக்கு மாதம் சுமார் 38,200. அடமானக் கடனுக்கு வட்டி கூடுதல், காலமும் குறைவு. 10.5 சதவீதம், 10 வருஷம் என்றால் 9 லட்சத்துக்கு 12,100 வரும். ரெண்டும் சேர்ந்து 50,300.

வாடகை 15,000 என்பது டு-லெட் போர்டில் எழுதுகிற தொகை. வருஷத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வைத்தால் 1,65,000. அதில் அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் மாதம் 2,500 வீதம் 30,000, சொத்து வரி ஒரு 5,000 போனால் மிஞ்சுவது 1,30,000, மாதத்துக்கு 10,800. குழாய் மாற்றுவது, பெயின்ட் அடிப்பது எதையும் நான் சேர்க்கவில்லை. உங்கள் சம்பளத்தோடு இதைக் கூட்டி ரெண்டு தவணையையும் கழித்தால் குடும்பம் நடத்த மாதம் 22,500 மிச்சம். இதைப் பார்த்துவிட்டு எந்த வங்கியும் கடன் தராது. தந்துவிட்டால் அதுதான் உங்கள் கெட்ட நேரம்.

வட்டி இறங்குமே என்பீர்கள். இறங்கலாம், ஏறவும் செய்யும். 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. வீட்டுக் கடன் வட்டி அதோடு ஒட்டிக்கொண்டு ஏறியது. அப்போது வங்கிகள் நிறைய பேருக்குத் தவணைத் தொகையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிட்டுச் சமாளித்தன. 30 வயதுக்காரருக்கு அது சரிப்படும். 44 வயதில் நீட்ட உங்களிடம் வருஷம் கிடையாது, தொகைதான் ஏறும்.

வருமான வரியில் மிச்சம் வரும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பழைய வரி முறையில் இருந்தால் உண்மைதான். வாடகையில் சொத்து வரி போக 30 சதவீதம் நிரந்தரக் கழிவு, அதன் பிறகு வட்டியைக் கழித்தால் உங்களுக்கு முதல் வருஷம் 2 லட்சத்துக்கு மேல் நஷ்டக் கணக்கு வரும், அதில் 2 லட்சம் வரை சம்பளத்தோடு கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் இருந்தால் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் தொட முடியாது, வாடகைக்குள்ளேயே கழித்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டியதுதான். நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று ஆபீசில் கேளுங்கள், பாதிப் பேருக்குத் தெரிவதில்லை.

விலை ஏறாதா? ஏறலாம். ஆனால் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது 2021 பிப்ரவரியில். உங்களுக்குச் சொல்லியிருக்கிற 50 லட்சத்தில் ஸ்டேஷனுக்கும் சேர்த்துத்தான் விலை போட்டிருக்கிறார்கள். ஃபிளாட்டில் வருஷா வருஷம் பழசாவது கட்டடம், மதிப்பு தங்குவது எல்லா ஃபிளாட்காரர்களுக்கும் பொதுவான மனையில் உங்களுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கில். உங்கள் பங்கு எத்தனை சதுர அடி என்று புரோக்கரிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போகும்.

இனி மாடிக்கு வருவோம். 700 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 என்று வைத்தால் பதினேழரை லட்சம். உங்கள் மேஸ்திரி குறைத்துத்தான் சொல்வார், முடிக்கும்போது கூடிவிடும், அதனால் 2,500-லேயே நில்லுங்கள். வெளிப்படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர் இணைப்பு, தனித்தனி கரண்ட் மீட்டர் எல்லாம் சேர்ந்து இன்னொரு ரெண்டரை. மொத்தம் 20 லட்சம். கையிலிருக்கும் 7-ல் ரெண்டைத் தொடாமல் வைத்துவிட்டு 5 போடுங்கள், 15 லட்சம் கடன். இதற்கு அடமானக் கடன் வேண்டாம். சொந்த மனையில் மாடி எடுப்பதற்கு வீட்டுக் கடனே உண்டு, வட்டியும் அதே வட்டிதான், என்ன, அனுமதி வாங்கிய பிளான் வேண்டும், பணத்தை மொத்தமாகத் தராமல் வேலை ஏற ஏறத் தருவார்கள். 15 வருஷத்துக்கு மாதத் தவணை 14,800. ரெண்டு போர்ஷன், ஒவ்வொன்றும் 8,500 என்றால் 17,000 வரும். இங்கே வாடகை நிஜமாகவே தவணையைக் கட்டுகிறது. மனைக்கு நீங்கள் காசு கொடுக்கவில்லை, பத்திரத்துக்கு 9 சதவீதம் அழவில்லை, ரகசியம் அவ்வளவுதான். ஒரு போர்ஷன் நாலு மாதம் காலியாக இருந்தாலும் கையிலிருந்து போவது மாதம் 6,300, அதை 62,000 சம்பளம் தாங்கும். ஃபிளாட் நாலு மாதம் காலியாக இருந்தால் 50,300-ம் உங்கள் தலையில். மாறும் வட்டியில் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது, போனஸ் வரும்போதெல்லாம் அசலில் போட்டுக்கொண்டே வாருங்கள்.

கட்டுவதற்கு முன் கீழ்த்தளம் தாங்குமா என்று ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்து பாருங்கள். பழைய வீடு, செங்கல் சுவர் மேல் மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய கூரை) என்றால் அதன் மேல் மாடி எடுக்கிற நினைப்பை விட்டுவிடுங்கள், பில்லர் புதிதாகப் போட வேண்டும், செலவு வேறு. அப்புறம் தண்ணீர். ராயபுரத்தில் நான் மாடி எடுத்தபோது, மேஸ்திரி மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் போர் தண்ணீரிலேயே கான்கிரீட் கலந்துவிட்டார். உப்புத் தண்ணீர் என்று எனக்கும் தெரியும், ஒரு நாள்தானே என்று விட்டேன். எட்டாவது வருஷம் சமையலறைக் கூரை பெயர்ந்து விழுந்தது. குடித்தனக்கார அம்மா குக்கர் மூடி மேல் விழுந்த சில்லை ஒரு தட்டில் எடுத்துவைத்திருந்து நான் போனதும் காட்டினார். அண்ணாந்து பார்த்தால் கம்பி. கட்டைவிரலால் தேய்த்தேன், வெங்காயத் தோல் மாதிரி உதிர்ந்தது. கடல் காற்று ஒரு பக்கம், உப்புத் தண்ணீர் ஒரு பக்கம். சரி பண்ண அந்தப் போர்ஷனின் பதினாலு மாத வாடகை போனது.

இப்போது அந்தப் பாக்கி வேலை. அப்பா காலமாகி ஆறு வருஷம் என்கிறீர்கள், பட்டா யார் பெயரில் என்று எழுதவில்லை. இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். உயில் இல்லாவிட்டால், இந்து வாரிசுரிமைப்படி அம்மா, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு, கல்யாணம் ஆகிப் போன அக்கா தங்கைக்கும்தான். மற்ற மதத்தவருக்கு அவரவர் சட்டப்படி பங்கு. அவர்கள் தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்காமல் வங்கி ஒரு ரூபாய் தராது, கைக்காசில் கட்டினாலும் நீங்கள் பொதுச் சொத்தின் மேல் கட்டியவராகத்தான் ஆவீர்கள். கையெழுத்துக் கேட்கப் போகும் முன் அவர்களுக்கு என்ன தரப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொண்டு போங்கள். மாடி எழும்பி வாடகை வர ஆரம்பித்த பிறகு கேட்டால் விலை வேறாக இருக்கும்.

கேள்வி: ஐயா, வீட்டுக்காரர் வியாபாரத்துக்காக ரெண்டு வட்டிக்கு 5 லட்சம் வாங்கி, மாதம் 10,000 வட்டி மட்டும் கட்டுகிறோம். மாடி போர்ஷனில் 9,000 வாடகை வருகிறது. அதை 3 வருஷ லீசுக்கு விட்டால் 8 லட்சம் தருகிறேன் என்று ஒருவர் வந்திருக்கிறார். கடனை அடைத்துவிட்டு மீதியில் நகையை மீட்கலாமா? (வாசகி, கொருக்குப்பேட்டை)

பதில்: அம்மா, ரெண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். அதிலிருந்து வெளியே வர நினைத்ததே நல்லது. எந்தக் கதவு வழியாக வருவது என்பதுதான் விஷயம்.

லீசுக்கு வட்டி இல்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தெற்கே ஒத்தி என்பார்கள், அங்கேயும் இதே நினைப்புதான். வட்டி உண்டு, நீங்கள் வாங்காமல் விடுகிற வாடகைதான் அது. வருஷத்துக்கு 1,08,000-ஐ 8 லட்சத்துக்குப் போட்டுப் பாருங்கள், பதிமூன்றரை சதவீதம். 24-ஐ அடைக்க இது பரவாயில்லை. ஆனால் நகைக் கடன் வங்கியில் இருந்தால் அதன் வட்டி இதைவிடக் குறைவாகவே இருக்கும், குறைந்த வட்டிக் கடனைக் கூடுதல் வட்டிக் கடன் வாங்கி அடைப்பதில் என்ன லாபம்? நகை அங்கேயே இருக்கட்டும், வட்டியை மட்டும் வருஷம் தவறாமல் கட்டுங்கள்.

அதைவிடப் பெரிய சங்கதி, மூணு வருஷம் கழித்து அந்த 8 லட்சத்தை எங்கிருந்து எடுத்துத் தருவீர்கள்? அடுத்த லீஸ்காரர் தருவார் என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். அவர் அந்த மாதமே கிடைத்துவிட்டால் சரி. கிடைக்காமல், இருப்பவர் பணம் வந்தால்தான் காலி செய்வேன் என்று உட்கார்ந்துவிட்டால் மறுபடியும் ரெண்டு வட்டிக்காரர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பத்திரமும் பட்டாவும் சுத்தமாக இருந்து, வீட்டுக்காரர் வருமான வரிக் கணக்குக் காட்டுகிறவராக இருந்தால் லீசே வேண்டாம். வீட்டின் மேல் வங்கியில் 5 லட்சம் அடமானக் கடன் எடுங்கள். 10.5 சதவீதத்தில் 7 வருஷத்துக்கு மாதம் 8,430 வரும். 9,000 வாடகை நிற்காமல் வந்துகொண்டிருக்கும், அது தவணையைக் கட்டும், ஏழு வருஷத்தில் கடன் செத்துப்போகும். இப்போது நீங்கள் கட்டுகிற 10,000-ல் அசல் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை என்பதை யோசியுங்கள்.

நம்ம பக்கத்தில் நிறைய வீட்டுக்கு வங்கி ஏற்கிற காகிதம் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். வாரிய ஒதுக்கீடு, கிரயப் பத்திரம் இன்னும் கைக்கு வராதது, கோயில் அடிமனையில் கட்டியது, புறம்போக்கு. உங்களுடையது அப்படி என்றால் பாதி லீஸ் பாதி வாடகை என்று பேசுங்கள், 5 லட்சம் லீஸ், மாதம் 3,000 வாடகை என்கிற மாதிரி. இன்று 9,000 வாங்கி 10,000 கொடுத்துக் கையிலிருந்து 1,000 போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இந்த ஏற்பாட்டில் 3,000 வரும், கொடுப்பது ஒன்றுமில்லை, ஆக மாதம் 4,000 வித்தியாசம். அந்த 4,000-ஐ அன்றைக்கே ஆர்.டி.யில் போட்டால் மூணு வருஷத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் நிற்கும். 5 லட்சத்தில் அது ஒரு பங்குதான், மீதிக்கு இப்போதே வழி யோசித்து வையுங்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீசைப் பதிவு செய்துதான் ஆக வேண்டும், வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு முடிக்காதீர்கள், அது உங்களுக்கும் பாதுகாப்பு, வருகிறவருக்கும் பாதுகாப்பு. வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் அவர்கள் சம்மதம் இல்லாமல் லீசுக்கு விடாதீர்கள்.

கேள்வி: ஏலச்சீட்டு 10 லட்சம், மாதம் 25,000 வீதம் 40 மாதம். ஆறாவது மாதமே ஏலத்தில் ஒரு தொகையைத் தள்ளி (விட்டுக்கொடுத்து) எடுத்து ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டலாமா? (வாசகர், புதுவண்ணாரப்பேட்டை)

பதில்: வேண்டாம். ரெண்டரை லட்சம் தள்ளி எடுத்தால் ஏழரை கைக்கு வரும், பாக்கி 34 மாதமும் கழிவு போக மீதியை நீங்கள் கட்டியே ஆக வேண்டும், அந்த மாதங்களிலேயே வீட்டுக் கடன் தவணையும் ஓட ஆரம்பித்துவிடும். வங்கி உங்கள் சீட்டைப் பார்க்காது, உங்கள் பர்ஸ் பார்க்கும். கடைசி மாதங்கள் வரை விட்டுவைத்து எடுத்தால் அதே சீட்டு நல்ல சேமிப்பு. பதிவு செய்த சீட்டுதானா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள், சட்டப்படி நடத்துகிறவருக்கு 7 சதவீதத்துக்கு மேல் கமிஷன் கிடையாது.

கேள்வி: வாடகைக்கு விட வாங்குகிற வீட்டை மனைவி பெயரில் வாங்கினால் பத்திரச் செலவும் குறையும், வாடகைக்கு வரியும் வராது என்கிறார் நண்பர். மனைவிக்குத் தனி வருமானம் இல்லை. (வாசகர், பெரம்பூர்)

பதில்: பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை 2025 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, ஆனால் 10 லட்சம் மதிப்புக்குள் உள்ள சொத்துக்குத்தான். பெரம்பூரில் 10 லட்சத்துக்கு வீடு கிடைத்தால் எனக்கும் ஒன்று சொல்லுங்கள். பணம் உங்களுடையதாக இருந்தால் வாடகையை உங்கள் வருமானமாகத்தான் வரித்துறை எடுத்துக்கொள்ளும். மனைவி பெயரில் வாங்குவதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு, அதற்காக வாங்குங்கள்.

கேள்வி: வியாசர்பாடியில் அம்மா விட்டுப்போன ஆறு போர்ஷன் வீடு. ஒவ்வொன்றும் 6,500. அண்ணன் துபாயில், நான் ஓசூரில். மூன்று யோசனை இருக்கிறது. ஒரு கம்பெனி, மொத்த வீட்டையும் மூணு வருஷத்துக்கு எங்களிடம் விடுங்கள், காலியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் 30,000 தருகிறோம் என்கிறது. தெரிந்த புரோக்கர் வாடகையில் பத்து சதவீதம் கேட்கிறார். கடைசி போர்ஷனில் பதினோரு வருஷமாக இருக்கும் அக்கா, 2,000 குறைத்துக்கொள்ளுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அந்த அக்காவுக்கு வாடகை ஏற்ற வேண்டும் என்பது அண்ணன் கட்சி, பக்கத்து வீட்டில் 8,000 போகிறதாம். (வாசகர், ஓசூர்)

பதில்: கம்பெனியை முதலில் வாசலோடு அனுப்புங்கள். 39,000 வருகிற வீட்டுக்கு 30,000 என்பதை நிம்மதிக்கான விலை என்று விட்டுவிடலாம். பயம் வேறு. சென்னையில் இது நடந்திருக்கிறது. உங்களிடம் வாடகைக்கு எடுத்து, உள்ளே வருகிற குடும்பங்களிடம் லீஸ் என்று தலைக்கு நாலைந்து லட்சம் வாங்கிவிடுவார்கள். சில மாதம் உங்களுக்கு ஒழுங்காக வாடகை வரும், ஒரு மாதம் நிற்கும், போன் சுவிட்ச் ஆஃப். போய்ப் பார்த்தால் ஆறு குடும்பம் கையில் காகிதத்தோடு, எங்கள் பணம் வராமல் நகர மாட்டோம் என்று நிற்கும். அவர்களும் ஏமாந்தவர்கள்தான், யாரை என்ன சொல்வீர்கள்?

புரோக்கர் ஆள் கொண்டுவர நல்லவர், வீட்டைப் பார்த்துக்கொள்ள அல்ல. அவருக்கு ஒவ்வொரு முறை போர்ஷன் மாறும்போதும் ஒரு மாத வாடகை கமிஷன் உண்டு, வீடு மாறாமல் இருப்பதில் அவருக்கு லாபமில்லை. அவரிடம் மாதா மாதம் 3,900 கொடுத்து அந்த வேலையைத் தருவானேன்?

அந்த அக்காதான் சரி. ஆனால் பணம் அவர் கையால் வர வேண்டாம், ஆறு பேரும் நேராக உங்கள் கணக்குக்கு அனுப்பட்டும். அவர் பார்க்க வேண்டியது மோட்டார், சாவி, கழிவுநீர் அடைப்பு, மீட்டர் ரீடிங். பணம் நடுவில் இல்லாவிட்டால் மனஸ்தாபம் வராது, வந்தாலும் தீர்ந்துவிடும்.

எல்லாருக்கும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரி 22-லிருந்து நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம், ஓசூரிலிருந்தே முடியும். பதியாமல் விட்டால் ஒரு குடித்தனக்காரரைக் காலி செய்ய வேண்டிவரும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பது அந்தச் சட்டம் சொல்வது, நம்ம ஊர் வழக்கம் பத்து மாதம் வரை போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு வாங்கினாலும் அதை எடுத்துச் செலவழிக்காதீர்கள், ஆறு பேர் அட்வான்சையும் தனிக் கணக்கில் டெபாசிட்டாகப் போடுங்கள். காலி செய்கிறவருக்குக் கொடுக்க அடுத்தவர் அட்வான்சுக்குக் காத்திருக்கும் ஓனரைப் பார்த்தாலே எனக்குப் பிடிப்பதில்லை.

கரண்ட் மீட்டர் எத்தனை என்று எழுதவில்லை. ஆறுக்கும் ஒன்றே என்றால் அதுதான் முதல் செலவாக இருக்கட்டும். வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் கூடக் கூட யூனிட் விலையும் ஏறும். ஆறு குடும்பம் ஒரு மீட்டரில் ஓடினால் எல்லாருமே மேல்படி விலை கொடுக்கிறார்கள், சப்-மீட்டர் வைத்து யூனிட் இத்தனை என்று வசூலிப்பதில்தான் பாதிச் சண்டை. தனித்தனி மீட்டர் வந்தால் அவர்கள் பில்லை அவர்களே கட்டிக்கொள்வார்கள், காலியாகிற போர்ஷன்களும் சீக்கிரம் நிரம்பும்.

வியாசர்பாடி என்பதால் இன்னொன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அந்த அக்காவைக் காட்டச் சொல்லுங்கள். சுவரில் கோடு இன்னும் இருக்கும், பெயின்ட் அடித்தாலும் கொஞ்ச நாளில் மறுபடி தெரியும். மீட்டர் போர்டு, பிளக் பாயின்ட் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே போக வேண்டும். கீழ் போர்ஷன்களில் மரக் கப்போர்டு அடிக்காதீர்கள், கடப்பா கல் போதும். மழைக்காலத்தில் ஒரு மாத வாடகை வராமலே போகும் என்று முன்கூட்டியே கணக்கில் எழுதிவிடுங்கள்.

வாடகை ஏற்றுவது பற்றி அண்ணனுக்கு ஒரு கணக்கு. 6,500-ஐ 8,000 ஆக்கினால் வருஷத்துக்கு 18,000 கூடும். அந்த அக்கா போய்விட்டால் ரெண்டு மாதம் காலி 13,000, பெயின்ட்டும் சில்லறை வேலையும் 12,000, புரோக்கருக்கு 8,000, ஆக 33,000. அதை மீட்கவே கிட்டத்தட்ட ரெண்டு வருஷம், அதற்குள் புதிதாக வந்தவர் மாறிவிடுவார். பதினோரு வருஷமாக ஒரு மாதம் தவறாத ஆளுக்கு, மோட்டார் எப்போது சூடாகும், எந்த மேன்ஹோல் எப்போது அடைக்கும் என்று தெரிந்த ஆளுக்கு, நீங்கள் கொடுக்கிற விலை 2,000-தான். அண்ணன் ஏதாவது ஏற்றியே தீர வேண்டும் என்றால் மற்ற ஐந்து போர்ஷனில் ஆளுக்கு 500 ஏற்றுங்கள், அந்த 2,500-ல் அக்காவுக்கு விட்டதும் வந்துவிடும். அடுத்த முறை வரும்போது அக்கா வீட்டுப் பாத்ரூம் குழாயை மாற்றிக் கொடுங்கள், அது நிச்சயம் சொட்டிக்கொண்டிருக்கும், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.